பொட்டல் நிலத்து ரத்தினபாய்

பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையை நோக்கி நடப்பவர்களுக்கு, இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, எவரும் வீடு கட்டாமல் விட்டுவைத்த மேட்டுநிலம் ஒன்று கண்ணில் படும். குடியிருப்புச் சங்கத்தார் அதைப் புதர் என்கிறார்கள். மனைத் தரகர்கள் தங்கச் சுரங்கம் என்கிறார்கள். ரத்தினபாய் மட்டும் அதைக் கடை என்பார். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் மூங்கில் கூடை, கத்தரிக்கோல், பழைய தோல் கையுறை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். புதிதாகக் குடிவந்த ஒருவர் அதை நம்பி, வரும்போது அரைக் கிலோ சர்க்கரை வாங்கிவரும்படி சொல்லியனுப்பியதும் உண்டு.

அந்த மேட்டின் மண் ஒரு விசித்திரமான மண். ஏரி நிரம்பி, சுற்றுத் தெருக்களில் படகு விட்ட மழைக்காலத்திலும் அங்கே தண்ணீர் நின்றதில்லை. பெய்த மழை சரளையில் சறுக்கி ஓடிவிடும். மறுநாள் காலையில் மண் மறுபடியும் வறண்டு கிடக்கும். பாலை என்றதும் மணற்குன்றுகளையும் ஒட்டகங்களையும் நினைத்துக்கொள்வது பிற்காலத்துப் பழக்கம். நீரற்றுப் போன எந்த நிலத்தையும் பாலை என்றே அழைப்பது நம் மரபு. அந்தக் கணக்கில் தாம்பரம் மாநகராட்சிக்குள் ஒரு கையளவு பாலை உண்டென்றால், அது இந்த மேடுதான்.

பாலைக்குரிய குடிமக்களும் அங்கே குறைவின்றி இருந்தார்கள். நடுவில் மஞ்சள் மஞ்சளாக ஆவாரை. அதன் காலடியில் வெண்பஞ்சு ஒட்டிய குச்சிகளாகச் சிறுபூளை. பின்புறக் கம்பிவேலி முழுவதும் பிரண்டை. ஆங்காங்கே எருக்கு, துத்தி, நெருஞ்சி, ஒரு மூலையில் சப்பாத்திக்கள்ளி. சாலையை ஒட்டிய முன்பகுதியை மட்டும் சீமைக்கருவேலம் வளைத்துப் போட்டிருந்தது. வேறெதையும் தன்னருகே வளரவிடாத அந்த மரத்தை ரத்தினபாய்க்குப் பிடிக்காது. "அது குடும்பத்தோட குடிவந்து, வாடகையும் கொடுக்காம, பக்கத்து வீட்டையும் சேர்த்துப் பூட்டு போடுற ஆளு" என்பார்.

ரத்தினபாய் பிறவியிலேயே மூலிகை அறிந்தவர் அல்லர். தாம்பரத்தில் பிறந்து, தாம்பரத்தில் படித்து, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வளைக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் பொருட்கிடங்குப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர். எந்த அளவு திருகாணி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தொழிற்கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்த ரத்தினபாய் முதல் மாதத்தில் சமையலறை டப்பாக்கள் அனைத்தையும் அளவுவாரியாக அடுக்கினார். இரண்டாம் மாதத்தில் கணவர் அசரியாவின் சட்டைகளை நிறவாரியாக அடுக்கினார். அடுத்து அடுக்கப்படப்போவது தாமே என்று அஞ்சிய அசரியா, முழங்கால் வலி என்று ஒரு காரணத்தைச் சொல்லி, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள சித்த மருத்துவமனைக்கு மனைவியைத் துணைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கேதான் ரத்தினபாயின் வாழ்க்கை திசை திரும்பியது. அசரியா வரிசையில் காத்திருக்க, ரத்தினபாய் மூலிகைத் தோட்டத்தின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பலகை, ஒவ்வொரு பலகையிலும் ஒரு பெயர், பயன்படும் பகுதி, பயன். கிடங்குக்காரரின் கண்ணுக்கு அது தோட்டமாகத் தெரியவில்லை; நேர்த்தியாக அடுக்கிய பொருட்கிடங்காகத் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவை மேட்டருகே நிறுத்தச் சொன்னார்.

"என்னங்க, அங்க பார்த்த பாதிச் சரக்கு இங்கயே கிடக்குது."

"எனக்கு முழங்கால் வலிக்குது" என்றார் அசரியா.

மறுநாளே ரத்தினபாய் வெறுங்கையால் பிரண்டையை ஒடித்து, கை இரண்டும் அரிப்பெடுத்து, அன்று முழுவதும் நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோல் கையுறை அதன் பிறகு வந்தது. நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைத்தால் பிரண்டை நாக்கை அரிக்காது என்பது மூன்றாவது முயற்சியில் தெரிந்தது. முதலிரண்டு முயற்சிகளையும் உண்டவர் அசரியா.

சில ஆண்டுகளில் தெருவில் அனைவருக்கும் ரத்தினபாயின் சரக்கு பழகிவிட்டது. பிரண்டைத் துவையலுக்கு வாடிக்கையாளர்கள் மிகுதி. நிழலில் உலர்த்திய ஆவாரம்பூவைச் சிலர் தேநீருக்கும் சிலர் குளியல் பொடிக்கும் வாங்கினார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ சரம் சரமாகப் போயிற்று. எருக்கிலையை வாட்டி மூட்டில் ஒற்றடம் வைத்துக்கொள்ள வாங்குபவர்களிடம், "பால் கண்ணுல பட்டா கண்ணு போயிரும், கையைக் கழுவாம எதையும் தொடாதீங்க" என்று சொல்லாமல் ஓர் இலையையும் கொடுக்கமாட்டார். சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூ போதுமா, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்பவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். "மாத்திரைய நிறுத்துனா பூ தரமாட்டேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க."

துத்தி வாங்க வருபவர்களின் கதை தனி. துத்தியிலையை நெய்யில் வதக்கி உண்டால் மூலத்துக்கு நல்லது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆனால், தமக்கு வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்க மாமாவுக்கு" என்பார்கள். பீர்க்கன்கரணை முழுவதும் உட்கார முடியாத மாமாக்களால் நிறைந்திருக்கிறது என்று ரத்தினபாய் சிரிப்பார்.

மார்கழி முடியும்போதுதான் வியாபாரம் உச்சத்தைத் தொடும். அதற்குக் காரணம், பக்கத்துக் குடியிருப்பில் வசிக்கும் தீபலட்சுமி என்ற ஈரோட்டுக்காரப் பெண். போகியன்று ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலில் செருகுவது அவர்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பெயர் காப்புக்கட்டு. விடுமுறை கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்ட ஓர் ஆண்டில், பூளைப்பூவுக்கு எங்கே போவது என்று தீபலட்சுமி புலம்ப, ரத்தினபாய் கூடையோடு போய் நின்றார். மறு ஆண்டு சேலத்துக்காரர்கள், நாமக்கல்லுக்காரர்கள், கோவைக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பூக்களை உதிரியாக வாங்கிக்கொண்டு போய் அவரவர் வீட்டில் அவரவரே கட்டிக்கொள்வார்கள். ஞாயிறுதோறும் தவறாமல் தேவாலயத்துக்குப் போகும் ரத்தினபாய்க்கு, பொங்கல் காப்பு அந்த ஆண்டின் மிகப் பெரிய வியாபாரமாக ஆனது இப்படித்தான்.

மேட்டின் உரிமையாளர் ஜெயவேலு. பீர்க்கன்கரணையின் பழைய குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை அந்த மேட்டில் வேர்க்கடலை விதைத்து, விதைத்ததைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. மற்ற நிலங்களெல்லாம் வீடுகளாகவும் கடைகளாகவும் மாறிவிட, இது மட்டும் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதைப் பறித்துக்கொள்ள ரத்தினபாய் அனுமதி கேட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சென்ற மார்கழியில், போகிக்கு ஒரு வாரம் முன்பு, மேட்டுக்கு எதிரிலுள்ள குப்புராஜின் தேநீர்க்கடையில் வைத்து அவரே விஷயத்தைச் சொன்னார்.

"யக்கா, போகியன்னிக்கு ஜேசிபி வருது. அந்த மேட்ட மொத்தமா வழிச்சு எடுத்துட்டு சரளை கொட்டப் போறேன். பொங்கல் முடிஞ்சு ரிட்டனு வர்ற பஸ்ஸெல்லாம் நிறுத்த எடம் வோணும்னு கேட்டுகினு கீறாங்க. அப்பால வருசம் பூரா நிக்கும்."

ரத்தினபாயின் கையிலிருந்த கண்ணாடிக் குவளை பாதி வழியில் நின்றது. "மொத்தமுமா?"

"பின்ன? பாதித் தலைக்கா மொட்டை அடிப்பாங்க?"

"ஜெயவேலு, நீ அதைச் செடின்னு நினைக்கிற. அது ஃபுல் ஸ்டாக்குப்பா. பூளை இப்பதான் பூத்து நிக்குது."

"இன்னாக்கா ஸ்டாக்கு? எங்க நைனா போட்ட வேர்க்கடலயே அதுல வரல."

"அதான் சொல்றேன். போட்டது வரல. போடாதது தானா வந்து நிக்குது. அதைப் போயி வெட்டுவாங்களா?"

குப்புராஜ் தேநீரை ஆற்றியபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜெயவேலுவைச் சற்றுச் சீண்டிவிட்டது.

"சரிக்கா, ஞாயமா பேசுவோம். இத்த வாங்குறது யாரு? அல்லாம் அப்பார்ட்மெண்ட்டு ஜனம். கோயமுத்தூரு, ஈரோடு, சேலம். ஊர்க்காரங்க யாராச்சும் இதுல ஒரு எலை வோணும்னு கேட்டுக்கீறாங்களா? ஊர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து, 'ஜெயவேலு, அந்தச் செடி எனக்கு வோணும், வெட்டாத'ன்னு கேக்கட்டும். ஜேசிபியத் திருப்பி அனுப்பிடறேன்."

"நான் கேக்குறேன்பா" என்றார் குப்புராஜ்.

"நீ கேட்டா செல்லாது. நீ திண்டிவனம்."

அது விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆயினும் தேநீர்க்கடையில் நின்ற அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். ரத்தினபாய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. ஒரு காலத்தில் அவர் பூப்பறித்த வேறு வெற்றிடங்கள் அனைத்தும் ஒவ்வொன்றாகக் கட்டடங்களாகிவிட்டன. எஞ்சியிருந்தது இந்த மேடு மட்டுமே. இதுவும் போனால் தொழில் முடிந்தது. மறுபடியும் டப்பா அடுக்கவேண்டியதுதான்.

பழைய ஊர்த்தெரு வீடுகளில் போகியன்று மாவிலைத் தோரணம் கட்டுவார்கள். காப்புக்கட்டும் வழக்கம் அங்கே இல்லை. இல்லாத வழக்கத்தை எப்படிக் கேட்பார்கள்? முதலில் பார்க்கவேண்டும், பிடிக்கவேண்டும், பிறகுதான் கேட்பார்கள் என்று ரத்தினபாய் கணக்குப் போட்டார். எனவே, போகிக்கு முதல் நாள், ஊர்த்தெருவில் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுப்பதென்று முடிவு செய்தார். உதிரியாகக் கொடுத்தால் அவர்களுக்குக் கட்டத் தெரியாது என்பதால், இம்முறை தாமே கட்டுவதற்கு உட்கார்ந்தார்.

கூடத்தில் பழைய போர்வையை விரித்து, ஆவாரை ஒரு குவியல், பூளை ஒரு குவியல், வேப்பிலை ஒரு குவியலாக வைத்துக்கொண்டார். கைகள் தாமாகவே ஓடின. இந்த வகை வேலையில் அவர் கை தேர்ந்த கை. தேவாலயத்தில் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள் ஓலை முடையும் பெண்களுக்கு ஆண்டுதோறும் தலைமை தாங்குபவர் அவர்தான். அசரியா நாற்காலியில் அமர்ந்து கட்டுகளை எடுத்து எடுத்துத் தாம்பாளத்தில் அடுக்கினார்.

"எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம். ஒவ்வொண்ணும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு" என்றார் அவர். அவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று மாலை ரத்தினபாய் ஊர்த்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். அனைவரும் மரியாதையாகப் பேசினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். கட்டை வாங்கிப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார்கள். பிறகு, "சரிக்கா, வெச்சுட்டுப் போங்க" என்றார்கள். ஜெயவேலுவின் வீட்டில் அவருடைய மனைவி கிளியம்மாள் கட்டை இரு கைகளாலும் வாங்கி, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கவே உள்ளே ஓடிவிட்டார்.

போகி விடிந்தது. தெருவெங்கும் பழைய பாய் எரியும் புகை. பிள்ளைகளின் மேளச் சத்தம். ரத்தினபாய் ஊர்த்தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். ஒவ்வொரு வாசலையும் அண்ணாந்து பார்த்தார். மாவிலை இருந்தது. சாமந்திச் சரம் இருந்தது. ஒரு வீட்டிலும் காப்பு இல்லை.

ஒரு வீட்டிலும் இல்லை என்றால் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. திரும்பும்போது அவருடைய நடை தளர்ந்திருந்தது. அப்போது கிளியம்மாள் வாசலில் நின்று கையசைத்துக் கூப்பிட்டார்.

"யக்கா, உள்ள வாங்க. தெருவுல வெச்சுப் பேசுற சங்கதி இல்ல."

உள்ளே குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஒரு வெள்ளைத் துண்டு விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ரத்தினபாய் கொடுத்த கட்டுகள் அத்தனையும் வரிசையாக, பயபக்தியோடு அடுக்கப்பட்டிருந்தன.

"என்ன கிளி இது? எல்லாம் இங்கயா இருக்குது?"

"அல்லாரும் நேத்து ராத்திரியே கொண்டாந்து எங்கிட்ட குடுத்துட்டாங்க. கட்டவும் பயம், தூக்கிப் போடவும் மனசு வரல. சாமி சமாச்சாரம், கீழ வெக்கக் கூடாதுன்னு நான்தான் மேல வெச்சேன்." கிளியம்மாள் சற்றுத் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்து வூட்டுல இன்னா சொல்றாங்கன்னா, ரத்தினபாயக்கா இத்தினி வருசம் பூ வித்துகினு இருந்துட்டு, திடீர்னு நம்மள மதம் மாத்தக் கெளம்பிட்டாங்களேன்றாங்க."

"என்னது?"

கிளியம்மாள் ஒரு கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஆவாரங்குச்சி நிமிர்ந்து நின்றது. வேப்பங்கொத்து அதன் குறுக்கே படுத்திருந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், மேலும் கீழுமாக மாற்றி மாற்றிச் சுற்றிய அருமையான முடிச்சு. பூளைப்பூ அதன் நாற்புறமும் அழகாக நுரைத்து நின்றது. எப்படிப் பார்த்தாலும் எவரும் ஐயுறமுடியாத, அளவெடுத்த சிலுவை.

ரத்தினபாய் அதைப் பார்த்தார். துண்டின்மேல் இருந்த மற்றவற்றைப் பார்த்தார். தம் இரு கைகளையும் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"ஐயோ கிளி! குருத்தோலை! வருஷா வருஷம் ஓலையில சிலுவை கட்டுற கை, தானா கட்டிடுச்சு. அந்த மனுஷன் வேற பக்கத்துலயே உக்காந்து பிரமாதம் பிரமாதம்னாரு!"

கிளியம்மாளும் சிரிக்கத் தொடங்கினார். இரு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கிளியம்மாள் அந்தக் கட்டை அவிழ்த்தார். குச்சிகளை ஒரே பக்கமாகச் சேர்த்து, துடைப்பத்தைப் பிடிப்பதுபோல் ஒரு பிடியாகப் பிடித்து, ஆவாரம்பட்டை ஒன்றைக் கிழித்து ஒரே சுற்றில் இறுக்கினார். எல்லாம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

"உனக்கு இது தெரியுமா?"

"எனக்குத் தர்மபுரி பக்கம்க்கா. எங்க வூட்டுல மாட்டுக் கொட்டாயிக்குக்கூட கட்டுவோம். கல்யாணம் ஆகி வந்த மொத போகியில எங்க மாமியாரக் கேட்டேன். 'நம்ம வழக்கத்துல இல்ல'ன்னாங்க. அத்தோட வாய மூடிக்கினேன்." கிளியம்மாள் புதிய கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "ஒவ்வொரு மார்கழியும் அந்த மேட்டப் பாத்துகினேதான் பால் வாங்கப் போவேன். பூளை நல்லா பூத்துக் கீதுன்னு நெனச்சுப்பேன். அவ்ளோதான்."

ரத்தினபாய் எழுந்து நின்றார். "கிளி, உன் புருஷன் குப்புராஜ் கடையில என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியாதா?"

அவர் அதைச் சொல்லி முடிக்கவும், சாலைப்பக்கமிருந்து ஜேசிபியின் உறுமல் கேட்டது.

இருவரும் மேட்டை அடைந்தபோது, இயந்திரம் முன்பகுதிச் சீமைக்கருவேலத்துக்கு எதிரே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஜெயவேலு கையை ஆட்டி ஆட்டி ஓட்டுநருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். தேநீர்க்கடைக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. கிளியம்மாள் நேராகப் போய்க் கணவருக்கும் ஜேசிபிக்கும் நடுவில் நின்றார்.

"யோவ், அந்தச் செடி எனக்கு வோணும். வெட்டாத."

ஜெயவேலுவின் கை அந்தரத்தில் நின்றது. "இன்னாது?"

"செவுடா? ஆவாரையும் பூளையும் எனக்கு வோணும். ஊர்ல ஒருத்தர் கேட்டா நிறுத்திடறேன்னு சொன்னியாமே. கேட்டுட்டேன்."

தேநீர்க்கடையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அடியே, நீ கேட்டா செல்லாது" என்றார் ஜெயவேலு. "நான் சொன்னது ஊர்க்காரங்கள. நீ தர்மபுரி."

அந்தச் சொல் வாயைவிட்டு வந்த மறுகணமே அதைத் திரும்ப விழுங்க அவர் விரும்பியிருப்பார். கிளியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"ஓ. நான் தர்மபுரியா? உங்க அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப மூணு வருசம் பாத்துக்கினது எந்த ஊர்க்காரி? ஏரித் தண்ணி வூட்டுக்குள்ள பூந்தப்ப பீரோவத் தூக்கி மேல வெச்சது எந்த ஊர்க்காரி? இன்னிக்கு ராத்திரி உனுக்கு சோறு ஆக்கப்போறது எந்த ஊர்க்காரின்னு இப்பவே சொல்லிடு. தர்மபுரிக்காரின்னா, நான் சாயங்காலம் தர்மபுரி பஸ்ஸு ஏறிடறேன். உன் பஸ்ஸுதான் இங்கயே நிக்கப் போவுதே."

"நானும் அதத்தான்யா கேக்குறேன்" என்றார் குப்புராஜ் உற்சாகமாக. "இருபது வருசமா இங்க டீ ஆத்துறேன், என்னயும் திண்டிவனம்னுட்ட."

ஜேசிபி ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "அண்ணா, வெட்டலாமா வேணாமா? டீசல் எரியுது" என்றார்.

ஜெயவேலு மனைவியைப் பார்த்தார். கிளியம்மாள் கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தார். மணமாகி இத்தனை ஆண்டுகளில் மனைவி தம்மிடம் வாய்விட்டுக் கேட்ட பொருள் வேறு எது என்று அவர் யோசித்திருக்கக்கூடும். அந்த யோசனை அவருடைய முகத்தில் தெரிந்தது.

"மொதல்லயே கேட்டிருக்கலாம் இல்ல?" என்றார் தணிந்த குரலில்.

"நீ மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல, கேட்டா கெடைக்கும்னு?"

இதற்குள் ரத்தினபாய் கிடங்குப் பொறுப்பாளராக மாறிவிட்டிருந்தார். மேட்டின் குறுக்கே நடந்து, கையுறை அணிந்த கையால் காற்றில் ஒரு கோடு கிழித்தார்.

"ஜெயவேலு, இங்க பாரு. ரோட்டோரமா இருக்கறது முழுக்கச் சீமைக்கருவேலம். அது எனக்கும் வேணாம், கிளிக்கும் வேணாம். அதை வேரோட எடுத்துடு. முள்ளு ஒண்ணுகூட மண்ணுல தங்காம அள்ளச் சொல்லு, இல்லன்னா பஸ்ஸு டயர் எல்லாம் பஞ்சர்தான். அந்த இடத்துல பஸ்ஸை நிறுத்திக்க. சரிவுக்கு மேல எப்படியும் பஸ்ஸு ஏறாது. அது எங்களுக்கு."

ஜெயவேலு சரிவைப் பார்த்தார். பேருந்து ஏறாதுதான். இதை ஒரு வாரம் முன்பே எவராவது சொல்லியிருந்தால் இவ்வளவு வசவு தேவைப்பட்டிருக்காது என்று முணுமுணுத்தார். பிறகு ஓட்டுநரிடம் திரும்பி, "முன்னாடி மட்டும் எடுப்பா. அந்த மஞ்சப் பூவுல கை வெச்சே, எனக்கு இன்னிக்கு சோறு இல்ல" என்றார்.

அன்று முற்பகலுக்குள் குளிர்சாதனப் பெட்டியின்மேல் இருந்த சிலுவைகள் அனைத்தும் அவிழ்ந்து, கிளியம்மாளின் கையால் பிடிகளாக மாறின. இம்முறை அவரே தெருவில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். பாதி வீடுகளில் கட்டினார்கள். மீதிப் பாதி, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றது. முதல் கட்டு ஜெயவேலுவின் வீட்டு வாசலில் ஏறியது. இரண்டாவதை, பொங்கலுக்குத் தம் ஊரான நாமக்கல்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜேசிபி ஓட்டுநர் கேட்டு வாங்கித் தம் இயந்திரத்தின் கைப்பிடியில் செருகிக்கொண்டார். கொடுக்காமல் வீட்டிலேயே தங்கித் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு சிலுவைக் கட்டு அசரியாவின் மேசைமேல் இருக்கிறது. பிரமாதமாக இருப்பதாக அவர் இன்றும் சொல்கிறார்.

பொங்கல் முடிந்து பேருந்துகள் வந்தன. முன்பகுதியில் அவை வரிசையாக நிற்க, பின்னால் மேட்டில் ஆவாரை பூத்துக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் இருக்கையைவிட்டு எழாத ஓட்டுநர்கள், ஒருவர் பின் ஒருவராக, கூடையோடு வரும் ரத்தினபாயைத் தனியாக மடக்கி, குரலைத் தாழ்த்தித் தங்கள் மாமாக்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். துத்தி அதுவரை கண்டிராத விற்பனையைக் கண்டது.

மாசி மாதத்தில் ஒருநாள் ஜெயவேலுவே மேட்டுக்கு ஏறி வந்தார். பேருந்துகள் நிற்பதால் சரிவு இறங்குகிறதா என்று பார்ப்பவர்போல் சிறிது நேரம் உலாவினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"யக்கா, அந்தத் துத்தி எலை கொஞ்சம் வோணும்." சாலைப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எங்க மாமாவுக்கு."

வேலியின் மறுபக்கம் பிரண்டை பறித்துக்கொண்டிருந்த கிளியம்மாளின் தலை மெல்ல மேலெழுந்தது.

"எந்த மாமாவுக்கு? உங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்ததே கெடையாதே!"

ரத்தினபாய் முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் நல்ல துளிர் இலைகளாகப் பார்த்துக் கத்தரித்து, வாழையிலையில் பொதிந்து ஜெயவேலுவின் கையில் கொடுத்தார். "நெய்யில வதக்கிச் சாப்பிடச் சொல்லு. அப்படியே டாக்டரையும் ஒருதரம் பார்த்துட்டு வரச் சொல்லு, மாமாவை."

எதிரே குப்புராஜ் தேநீரை உயரத் தூக்கி ஆற்றியபடியே, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அறிவித்தார்.

"ஊர்ல ரெண்டாவது ஆளும் கேட்டாச்சுப்பா! இவுரு சுத்தமான பீர்க்கன்கரணை. செல்லும்!"